செங்கமலம் கட்டின மணி

ஏண்டி சிட்டு, இன்னும் உம்முனுதான் இருக்கியா? பூங்கா வேலிக்கிட்ட மான் உன் பிஸ்கட்டை வாங்கிக்கலைன்னு மத்தியானத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே. சரி, பிஸ்கட்டைத் தலைமாட்டுல வை. எறும்பு வந்தா என்னைக் கேக்காதே. காலை நீட்டு. போர்வையைக் கடிக்காதே. அத்தை ஒரு கதை சொல்றேன், ஆனா 'ம்' கொட்டணும். உன் 'ம்' நின்னா என் கதையும் நின்னுடும், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு காடு இருந்துச்சு. சிரிக்காதே, நெஜமாவே ஊர்லதான் இருந்துச்சு. முதல்ல காடு மட்டுந்தான். அப்புறம் பக்கத்துல ஊர் வந்து குந்திக்கிச்சு. அது பெருத்துப் பெருத்துப் பட்டணமாச்சு. இந்தப் பக்கம் பஸ்ஸு பாங் பாங்னு போகும், அந்தப் பக்கம் ரயிலு தடக்கு தடக்குன்னு போகும், நடுவுல இந்தக் காடு வாயைத் திறக்காம கெடக்கும். இப்பிடியே விட்டா பிளாட் போட்டு வித்துடுவானுங்கன்னு சர்க்கார்ல சுத்திலும் கம்பி வேலி போட்டு, 'தேசியப் பூங்கா'ன்னு பெரிய போர்டு எழுதி மாட்டினாங்க. மானுக்குப் படிக்கத் தெரியுமா? அதுங்க பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க.

"ம்."

அந்தக் காட்டுல ஒரு புள்ளிமான், ஒரு குட்டி போட்டுச்சு. பொட்டைக் குட்டி. காலு நாலும் ஊதுவத்தி மாதிரி இருக்கும், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. தாய்மான் அதைக் கூட்டிக்கிட்டு வந்து ஒரு களாச்செடிப் புதருக்குள்ள படுக்க வெச்சு, காதுல சொல்லுச்சு.

"கண்ணு, இப்போ நீ மான் இல்லை. சருகு. காத்து அடிச்சாலும் அசையக் கூடாது, நரி வந்தாலும் அசையக் கூடாது."

"நீ எங்க போறே?"

"நான் பக்கத்துல நின்னா என் வாசனைக்கே நரி வந்துடும். உன் மேல இன்னும் வாசனை இல்லை. அதனால தள்ளி நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். பால் குடுக்க மட்டும் வருவேன்."

"வருவியா?"

"வருவேன்."

அப்புறம் தாய்மான் டிக் டிக் டிக்னு காலை எடுத்து வெச்சு அந்தாண்ட போயிடுச்சு. குட்டி சருகா படுத்துக்கிச்சு. பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும்? ஐயோ, அநாதையா கெடக்கேன்னு தோணும். அங்கதான் பிடிச்சுது சனியன்.

அந்த வேலி ஓரமா ஒரு தெரு. அதுல செங்கமலம்னு ஒரு பொம்பளை. அவ என்ன பண்ணுவா தெரியுமா? பச்சைப் புள்ளைங்களைக் குளிப்பாட்டுவா. யார் வீட்ல பிரசவம் ஆனாலும் முதல்ல அவளுக்குத்தான் ஆள் போகும். காலை நீட்டி உக்காந்து, புள்ளையைக் காலு மேல போட்டு, எண்ணெயைச் சளக் சளக்குனு தேய்ச்சு, வெந்நீர் ஊத்தி, சாம்பிராணி போட்டு, வசம்பு உரசி வெச்சு, கன்னத்துல ஒரு மைப்பொட்டு வெச்சு, "இந்தாம்மா உன் ராசா"ன்னு தாய் மடியில குடுத்துட்டு வருவா. கைராசிக்காரி. வாயும் கொஞ்சம் பெருசுதான். "என் கைக்கு வந்த புள்ளை எதுவும் வீணாப் போனதில்லை"ன்னு தெருவுல நின்னு சொல்லுவா. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

களாக்காய் காய்க்கிற காலத்துல செங்கமலம் காட்டுக்குள்ள போவா. ஊறுகாய்க்கு. போகக் கூடாதுதான், போர்டுல எழுதியிருக்கு. ஆனா காட்டு வாச்சர் முனிரத்தினத்துக்கு நாக்கு நீளம். முதல் ஜாடி ஊறுகாய் அவனுக்கு வந்துடும். அவன் சின்ன கேட்டைத் திறந்து விட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பி மரத்துல எத்தனை கிளின்னு பார்த்துக்கிட்டு நிப்பான். அன்னிக்கு அவனும் இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டான். கேட்டு சும்மா சாத்தியிருந்துச்சு. இவ உள்ள போனா.

களாச்செடி முள்ளுச் செடி. சேலையைச் சொருகிக்கிட்டு, முள்ளை விலக்கி விலக்கிக் காய் பறிக்கிறா. பொட் பொட்டுனு மடியில விழுது. அப்போ ஒரு கிளையை விலக்கினா, உள்ள ரெண்டு கண்ணு.

"அடி ஆத்தி!"

குட்டி அசையலை. தாய் சொல்லுச்சே, சருகுன்னு. செங்கமலம் தொட்டா. அசையலை. தூக்கினா. அப்பவும் அசையலை. "ஐயோ, மூச்சு விடக்கூடத் தெம்பு இல்லையே, தாய் செத்துடுச்சு போலிருக்கே"ன்னா. சுத்திப் பார்த்தா. ஒரு வெத்திலை போட்டு மெல்லுற நேரம் நின்னு பார்த்தா. ஒண்ணும் வரலை.

ஏன் வரலை? தாய்மான் அந்தாண்ட மூங்கில் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஆள் நிக்கிறப்ப அது எப்பிடி வரும்? அவ போகட்டும், நான் போறேன்னு அது நிக்குது. அது வரட்டும், நான் போறேன்னு இவ நிக்கிறா. இன்னும் கொஞ்சம் முன்னாடி அவ நகர்ந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. அவ நகரலை. மடியில இருந்த களாக்காயைக் கொட்டிட்டு, குட்டியைப் போட்டுக்கிட்டு நடந்துட்டா.

"அம்மா மான் கத்தலையா?"

கத்துச்சு, அவ கேட்டைத் தாண்டினதுக்கு அப்புறம். பஸ்ஸு சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

அப்புறம் வீட்ல பாரு, திருவிழாதான். செங்கமலம் காலை நீட்டினா. குட்டியைக் காலு மேல போட்டா. எண்ணெய், சளக் சளக். வெந்நீர். சாம்பிராணிப் புகை குபுகுபுன்னு. வசம்பு. நெத்தியில மைப்பொட்டு. ஆட்டுப்பாலைப் பாட்டில்ல ஊத்தி வாயில வெச்சா, சப்பு சப்புனு குடிச்சுது. தெருவே வந்து எட்டிப் பார்த்துச்சு. பட்டுன்னு பேரு வெச்சா. காணாமப் போயிடப் போகுதுன்னு கறுப்புக் கயித்துல ஒரு சின்ன வெங்கல மணியைக் கோத்து கழுத்துல கட்டினா. கிணிங். அது ஒரு அடி வெச்சா ஒரு கிணிங். ஓடினா கிணிகிணிகிணி. ராத்திரி வீட்டு நாயோட ஒட்டிக்கிட்டுத் தூங்கும்.

அவ வீட்டுக்காரர் ஏகாம்பரம் மட்டும் தள்ளி நின்னு பார்த்தார். அதிகம் பேச மாட்டார்.

சாயங்காலம் ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வரும். ஞீ… ஞீ…

"கமலம், அது என்ன சத்தம்?"

"மயிலா இருக்கும், விடுங்க."

"மயில் இப்பிடியா கத்தும்?"

"காட்டுல இருக்கிறதுக்கெல்லாம் நான் பேரு வெச்சேனா?"

அந்தச் சத்தம் கேட்டா பட்டு காதை விறைச்சுக்கிட்டு வேலிப்பக்கமாப் பார்க்கும். உடனே இவ பாட்டிலை வாயில வெச்சுடுவா. சப்பு சப்பு. காது தழைஞ்சுடும். இப்பிடியே அமாவாசை போய்ப் பௌர்ணமியும் வந்துடுச்சு. எங்கே 'ம்'?

"ம்… சொல்லு."

அப்போ முனிரத்தினம் கல்யாணம் முடிஞ்சு லட்டு எடுத்துக்கிட்டு வந்தான். தின்னுக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தவன், பட்டுவைப் பார்த்ததும் லட்டைக் கீழ வெச்சுட்டான்.

"அக்கா, இது எங்க கெடைச்சுது?"

"களாப் புதர்ல. தாய் செத்துப் போச்சுடா, பாவம்."

"யாருக்கா சொன்னது? ஒரு பொட்டைமான் உங்க வீட்டுக்கு நேரா வேலி ஓரமா நடந்து நடந்து புல்லே செத்து தடம் விழுந்து கெடக்கு. ஊர்லேர்ந்து வந்த ரெண்டு நாளாப் பார்க்கிறேன், மேயக்கூட போகலை."

செங்கமலம் அப்பிடியே உக்காந்துட்டா. எத்தனை வீட்ல எத்தனை புள்ளைங்களைக் குளிப்பாட்டித் தாய் மடியில குடுத்திருக்கா! ஒரு புள்ளையைக்கூட அவ மடியிலயே வெச்சுக்கிட்டது கெடையாது. இதை மட்டும் வெச்சுக்கிட்டா. மயிலுன்னு சொன்னாளே, அது மயில் இல்லைன்னு அவளுக்கு உள்ள எங்கேயோ தெரிஞ்சுதான் இருக்கும். அதுதான் அவளை அறுத்துச்சு.

"திரும்பக் குடுத்துடறேன்டா. குடுக்கிறதுதான் என் வேலை"ன்னா.

மறுநாள் பட்டுவைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா. மான் கூட்டம் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தாய்மானும் இருந்துச்சு. பட்டுவைக் கீழ விட்டுட்டு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. பட்டு கூட்டத்தைப் பார்த்து ஆசையா ஓடுச்சு. கிணிகிணிகிணி!

"க்யாங்! ஏதோ வருது! ஓடு ஓடு!"

மொத்தக் கூட்டமும் தபதபதபன்னு பறந்துடுச்சு. தாய்மானும் சேர்ந்துதான் ஓடுச்சு. பட்டு நடுவுல நின்னு முழிச்சுது. செங்கமலம் தலையில அடிச்சுக்கிட்டா. மணியை அவுத்து, முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

"அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது தடவை. மணி இல்லை. பட்டு மெதுவா போச்சு. இந்தத் தடவை தாய்மான் ஓடலை. கழுத்தை நீட்டிக்கிட்டுக் கிட்ட வந்துச்சு. இன்னும் கிட்ட வந்துச்சு. மோந்து பார்த்துச்சு. ஃபுஸ்ஸ்! சாம்பிராணி! காலைத் தரையில டக் டக்குனு தட்டுச்சு.

"நீ யாரு? என் குட்டி மாதிரி இருக்கே, ஆனா புகை மாதிரி வாடை அடிக்கிறியே."

"அம்மா, நான்தான்."

"என் குட்டிக்கு வாசனையே கெடையாது."

தாய்மான் பின்னாடியே போய்ப் போய் மரங்களுக்குள்ள மறைஞ்சுடுச்சு. புள்ளைங்களுக்குன்னு ஆசை ஆசையாப் போட்ட சாம்பிராணி, அது குறுக்க வந்து நின்னுடுச்சு பாரு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதுன்னு சொல்றதில்லையா, அந்தக் கதைதான்.

செங்கமலம் விடலை. அன்னிலேர்ந்து எண்ணெய் கெடையாது, சாம்பிராணி கெடையாது. காட்டுக் குட்டைச் சேத்தை வாரிக்கிட்டு வந்து பட்டு மேல பூசினா. மான் படுத்த எடத்துப் புல்லைக் கொண்டாந்து அது மேல புரட்டினா. சோன்னு ஒரு மழை வந்துச்சு, கொல்லையில நிக்க வெச்சா. புள்ளைங்களைக் குளிப்பாட்டுற கை, அழுக்காக்குறதுக்கு அந்தப் பாடு பட்டுச்சு.

மூணாவது தடவை. மணி இல்லை, வாடை இல்லை. தாய்மான் வந்துச்சு. மோந்துச்சு. மூஞ்சியில ஒரு நக்கு நக்குச்சு. காதுல ஒரு நக்கு. அப்புறம் நிறுத்தாம நக்குச்சு.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"நீ சருகு இல்லையா, ஏன் எழுந்தே?"

"நான் எழுந்திருக்கலைம்மா. தூக்கிட்டாங்க."

மரத்துக்குப் பின்னாடி நின்ன செங்கமலம் வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. சரி, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு திரும்பி நடந்தா. சருகு மேல காலு பட்டு சரக் சரக்குனு சத்தம். பட்டுக்கு அந்தக் காலடி தெரியாதா? தாயை விட்டுட்டு இவ பின்னாடி ஓடியாந்துடுச்சு!

"போடி கண்ணு, போ."

போகலை. சேலையைக் கவ்வி இழுக்குது, பாட்டிலைக் கேக்குது. தாய்மான் அங்கேர்ந்து ஞீ… ஞீ…ன்னு கூப்பிடுது. பட்டு அங்கயும் பார்க்குது, இங்கயும் பார்க்குது. இவ பின்னாடியே வருது.

அப்போ செங்கமலம் கீழ கெடந்த ஒரு விளாரை எடுத்தா. அடிக்கிற கைதான் அணைக்கும்பாங்க. இங்க அணைச்ச கையே அடிச்சுது. சுளீர்! முந்தானையில முடிஞ்ச மணி கிணிங்குன்னுச்சு. பட்டு என்னமோ விளையாட்டுன்னு துள்ளுச்சு. இன்னொண்ணு. சுளீர், கிணிங். பட்டு நின்னு அவ முகத்தையே பார்த்துச்சு. அந்தப் பார்வையைத் தாங்க முடியாம, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மூணாவதா ஒரு அடி போட்டா பாரு, சுளீர்! கண்ணைத் திறந்தப்போ பட்டு இல்லை. தாயோட ஓடிப் போயிடுச்சு.

விளாரைத் தூக்கி எறிஞ்சா. வீட்டுக்கு வந்து அந்தக் கையைக் கழுவிக்கிட்டே இருந்தா. என்னடி, அழறியா?

"இல்ல. மூக்கு."

மூக்குன்னா சிந்து. என் சேலையில வேணாம்.

கதை அத்தோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். முடியலையே. பட்டு காட்டுல வளர்ந்துச்சு, தாயோட மேஞ்சுச்சு. ஆனா மனுஷன்னா மத்த மானெல்லாம் ஓடும், இது ஓடாது. லீவு நாள்ல வேலி ஓரமா சனம் வந்து நிக்கும் இல்லை, பன்னு, சிப்ஸ், பிஸ்கட்டுன்னு நீட்டுவாங்க இல்லை…

"என்னை மாதிரி."

உன்னை மாதிரிதான். பட்டு நேரா வந்து கையிலேர்ந்து வாங்கித் தின்னும். கவரோட தின்னும். சனத்துக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஒரு நாள் வேலி பிஞ்ச எடத்துல யாரோ பன்னைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டிருக்காங்க. பட்டு கம்பிக்குள்ள புகுந்து ரோட்டுக்கே வந்துடுச்சு. கம்பி கிழிச்சு இடது காது ரெண்டா தொங்குது. பஸ்ஸு கிரீச்சுன்னு பிரேக் போடுது, தெருநாயெல்லாம் லொள் லொள்ளுன்னு சூழ்ந்துக்கிச்சு. நாயைப் பார்த்தும் அது ஓடலை. செங்கமலம் வீட்டு நாயோட படுத்துத் தூங்கின குட்டி, அதுக்கு நாயின்னா பயம் ஏது?

முனிரத்தினம், "அக்கா! உங்க பட்டு ரோட்டுல நிக்குது!"ன்னு கத்தினான்.

செங்கமலம் தலைவிரி கோலமா ஓடினா. பட்டு இவளைப் பார்த்துச்சு. அவ்வளவுதான். க்யாங்! பஸ்ஸுக்குப் பயப்படலை, நாய்க்குப் பயப்படலை, இவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்கி, வந்த வழியே கம்பிக்குள்ள பாய்ஞ்சு காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, அதுக்குப் பயம் இவ ஒருத்திதான்.

அவ ரோட்டு ஓரமாவே உக்காந்துட்டா. வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுப் போச்சு. ஏகாம்பரம் வந்து கையைப் பிடிச்சு எழுப்பினார்.

"உன்னைப் பார்த்து ஓடினதாலதான் பொழைச்சுது"ன்னார் அவர்.

அதை அவ யோசிச்சா. யோசிச்சுட்டு, மாடத்துல கெடந்த வெங்கல மணியை எடுத்தா.

அன்னிலேர்ந்து சனம் வேலி ஓரம் கூடுற நேரத்துக்கெல்லாம் செங்கமலம் அங்க போய் நிப்பா. பட்டு தலையை நீட்டிக்கிட்டு வெளிய வரும். இவ மணியை ஆட்டுவா. கிணிங். அந்தச் சத்தம் அதுக்குத் தெரியுமே, சுளீர்னு அடி விழுந்தப்போ கேட்ட சத்தம். க்யாங்குன்னு திரும்பிப் பறந்துடும். நீட்டின பிஸ்கட் நீட்டினபடியே இருக்கும். சின்னப் புள்ளைங்க அழும். "இந்த ஆயா வந்தா மானே வராது, கெட்ட ஆயா"ன்னு திட்டும். பெரியவங்களும் திட்டுவாங்க. அவ கையால எண்ணெய் தேய்ச்சு வளர்ந்ததுங்களே திட்டும். வாயாடி ஆச்சே, பதிலுக்கு ரெண்டு குடுக்கலாம் இல்லை? குடுக்க மாட்டா. மணியை முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவா.

ஏகாம்பரம் ஒரு நாள் கேட்டார். "அது உன்னைப் பத்தி என்ன நெனைக்கும், கமலம்?"

"பொல்லாதவள்னு நெனைச்சுக்கட்டும். உசிரோட இருந்து நெனைச்சுக்கட்டும்."

"அத்தை, அப்போ அவங்க பட்டுவைப் பார்க்கவே மாட்டாங்களா?"

பார்ப்பாளே. தெனமும் பார்ப்பா. ஓடுற முதுகை, தூக்கின வாலுக்கு அடியில தெரியுற வெள்ளையை. முகத்தைப் பார்த்தது கெடையாது.

"ம்…"

அப்புறம் அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ, திரும்பக் களாக்காய் காய்ச்சுது. முனிரத்தினம் ஊறுகாய் ஊறுகாய்னு உயிரை எடுத்தான். செங்கமலம் காட்டுக்குள்ள போனா. முள்ளை விலக்கினா. ஒரு கிளையை விலக்கினா. உள்ள, ரெண்டு கண்ணு.

ஊதுவத்திக் காலு. வெள்ளைப் புள்ளி. அசையலை.

செங்கமலம் மெதுவா நிமிர்ந்து பார்த்தா. அந்தாண்ட, மூங்கில் பக்கத்துல, ஒரு பொட்டைமான். இடது காது ரெண்டாக் கிழிஞ்சிருந்துச்சு.

பட்டுதான். ஓடலை. எப்பிடி ஓடும், குட்டி இங்க கெடக்கே? ஊர்லயே அதுக்குப் பயம்னா ஒருத்திகிட்டதான், அவ வந்து குட்டி பக்கத்துல நிக்கிறா. நாலு காலும் நடுங்குது, ஆனா அந்த எடத்தை விட்டு நகரலை. இவளையே பார்க்குது. அன்னிக்குத்தான்டி செங்கமலம் அது முகத்தைப் பார்த்தா. பாட்டில்ல பால் குடுத்த முகம், மைப்பொட்டு வெச்ச முகம். அது முழுக்க அவ மேல இருந்த பயம்.

குட்டியைத் தூக்கணும்னு கை பரபரத்துச்சு. பச்சைக் குட்டியைக் கண்டா அவ கை சும்மா இருக்காதே. "இது நம்ம பட்டு பெத்ததாச்சே"ன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ஒரு அடி எடுத்து வெச்சாளோ இல்லையோ, முந்தானையில மணி லேசா அசைஞ்சுச்சு. அது கிணிங்குன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? தாய் வெருண்டு ஓடும், குட்டி எழுந்திருக்கும், அப்புறம் நரிக்கு வேலை சுலபம்.

சட்டுன்னு முந்தானையோட சேர்த்து மணியைக் கொத்தாப் பிடிச்சா. நாக்கு ஆடாம விரலால இறுக்கிப் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டே, குட்டியைத் தொடாம, வெத்திலை மெல்லுற நேரம்கூட நிக்காம, பட்டு முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியா பின்னாடி வெச்சு, பின்னாடி வெச்சு, கேட்டு வரைக்கும் வந்துட்டா. கேட்டைத் தாண்டி, காட்டுக்குக் கேக்காத தூரம் வந்தப்புறந்தான் கையைத் திறந்தா. உள்ளங்கையில மணி விளிம்பு அப்பிடியே பதிஞ்சிருந்துச்சு.

"என்னக்கா, களாக்காய் எங்க?"ன்னான் முனிரத்தினம்.

"இந்த வருஷம் காய்க்கலைடா"ன்னா.

"அத்தை… அந்தக் குட்டி அவங்களைப் பார்த்துச்சா?"

சருகு எங்கேயாவது பார்க்குமா? நல்ல குட்டி. அம்மா சொன்னபடி அசையாமப் படுத்திருந்துச்சு.

"என் பிஸ்கட்டு?"

காலையில நீயே தின்னு.

"ம்…"

கதை காட்டுக்குள்ள போச்சு, களாக்காய் செடியிலயே பழுத்துப் போச்சு. நீயும் சருகாட்டம் அசையாமப் படு. அத்தை இங்கதான் இருக்கேன், தூங்கு.